ராத்திரி வண்டி ஓட்டுறப்ப என்ன தொந்தரவு வருது? அறிகுறியப் பாத்து சரி பண்ற வழி

மன்னார்குடி பக்கம் வாடகை கார் ஓட்டுறேன், 19 வருஷம் ஆச்சு. சவாரில பாதி ராத்திரி சவாரி தான், தஞ்சாவூர் மெடிக்கலுக்கு பிரசவ கேஸ் போகும், திருச்சி ஏர்போர்ட்டுல சிங்கப்பூர்லேர்ந்து வர்றவங்கள ஏத்தப் போகணும், முகூர்த்த நாளுன்னா வெள்ளன மூணு மணிக்கே பொண்ணு வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு கெளம்பணும். புதுசா கார் வாங்குன நம்ம ஊரு பசங்க அடிக்கடி கேப்பாங்க, அண்ணே ராத்திரின்னா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, எதிர்ல வர்றவன் எல்லாம் ஹைபீம் போட்டு சாவடிக்கிறான்னு. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுல முக்காவாசி கோளாறு நம்ம வண்டிலயும் நம்ம கண்ணுலயும் நம்ம தூக்கத்துலயும் தான் இருக்குன்னு லேட்டா தான் புரிஞ்சுது. அதான் எது எதுக்கு எதப் பாக்கணும்னு நான் பாக்குற வரிசையில எழுதுறேன், உங்களுக்கு எந்தத் தொந்தரவோ நேரா அங்க போயிக்கங்க.

எதிர்ல வண்டி வந்தா கண்ணு கூசுது, ரோடே மறைஞ்சு போவுது

மொதல்ல பக்கத்து சீட்டுல இருக்கவரக் கேளுங்க, உங்களுக்கும் இவ்வளவு கூசுதான்னு. அவருக்கும் அதே அளவு கூசுதுன்னா கண்ணாடி மேல சந்தேகப்படுங்க, உங்களுக்கு மட்டும்னா கண்ணு மேல.

கண்ணாடின்னா வெளிப்பக்கம் இல்ல, உள்பக்கம். வெளிய தெனம் தொடைக்கிறோம், உள்ள யாரு தொடைக்கிறா? வெயில்ல நிக்கிற வண்டில டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி ஒரு மாதிரி ஆவி விடும், அது உள்கண்ணாடில மெல்லிசா படியும், பகல்ல கண்ணுக்கே தெரியாது. ராத்திரி தெருவிளக்குக்கு நேரா வண்டிய நிறுத்திப் பாருங்க, பல்பைச் சுத்தி சக்கரம் மாதிரி கோடு கோடா ஓடுச்சுன்னா அந்தப் படலம் தான். வெரல வச்சு ஒரு இழுப்பு இழுத்தா வெரல் போன தடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். ஈரத்துணில ரெண்டு சொட்டு ஷாம்பு போட்டுத் தொடைச்சு, வேற காஞ்ச துணியால இன்னொரு தடவ தொடைக்கணும், ஒரே துணியால தொடைச்சா அழுக்க இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளி விடுறது தான் நடக்கும். எனக்கு ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி சொல்லிக் குடுத்த வித்தை, உள்பக்கம் மேலேர்ந்து கீழ தொடைங்க, வெளிப்பக்கம் எடவலமா தொடைங்க, அப்பறம் கோடு மிச்சம் இருந்தா எந்தப் பக்கத்து கோடுன்னு உடனே தெரிஞ்சுரும். மொத தடவ நான் உள்கண்ணாடிய ஒழுங்கா தொடைச்சுட்டு ஓட்டுன அன்னைக்கு ராத்திரி எதிர்ல வந்தவங்கள்ல பாதிப் பேரு நல்லவங்களா மாறிட்டாங்க.

அப்பறம் சாமி விளக்கு. டேஷ்போர்டுல பிள்ளையார் வச்சு அவரச் சுத்தி கலர் கலரா சீரியல் லைட்டு ஓட விட்டுருப்போம், அது அப்படியே முன் கண்ணாடில பிரதிபலிச்சு ரோட்டு மேல மிதக்கும். பிள்ளையார் இருக்கட்டும், லைட்ட மட்டும் ராத்திரி அணைச்சு வைங்க. போன் ஸ்டாண்டுல மேப் ஓடுதுன்னா வெளிச்சத்த அடிவரைக்கும் கொறைங்க.

பின்னாடி வர்றவன் வெளிச்சம் கண்ணாடி வழியா அடிச்சுதுன்னா உள்ள இருக்குற கண்ணாடிக்கு அடியில சின்னதா ஒரு நாக்கு மாதிரி இருக்கும், அத இழுத்து விடுங்க, மங்கிரும். பத்து வருஷமா கார் வச்சிருக்கவருக்கே அது எதுக்குன்னு தெரியல, ஆட்டிப் பாத்துட்டு லூசா இருக்குன்னு நெனச்சாராம்.

கண்ணாடி எல்லாம் சுத்தம், இன்னமும் கூசுதுன்னா கண்ணு. எங்க மாமா ஒருத்தர், 61 வயசு, டிராக்டர்லேர்ந்து லாரி வரைக்கும் ஓட்டுன ஆளு, எதிர்ல வர்ற லைட்டு ஒண்ணு நாலா தெரியுது, சுத்தி வானவில் வளையம் வருதுன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு வருஷம் ஓட்டிட்டாரு. கடைசில பாத்தா ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சதும், ஏன்டா இவ்வளவு நாளு இந்த ரோட்டுல வெள்ளக்கோடு போட்டுருந்தாங்களாங்குறாரு. சின்ன வயசுக்காரங்களுக்கு கிட்டப்பார்வை பவர் கொஞ்சமா இருந்தா பகல்ல சமாளிச்சுருவாங்க, இருட்டுல கண்ணுமணி விரியுறப்ப அதே கொறை பெருசாத் தெரியும். ராத்திரிக்குன்னு மஞ்சக் கண்ணாடி விக்கிறாங்கல்ல, அத வாங்காதீங்க, உள்ள வர்ற வெளிச்சத்த இன்னும் கொறைக்கத் தான் செய்யும், இருக்குற வெளிச்சமே பத்தல. பைக்காரங்களுக்கு இதே கதை ஹெல்மெட் கண்ணாடில, கீறல் விழுந்த வைசர் ஒவ்வொரு லைட்டையும் நூறா ஒடைக்கும், கருப்பு வைசர்னா கேக்கவே வேணாம்.

இதெல்லாம் பண்ணியும் நெஜமாவே ஹைபீம்ல வர்றவன் இருக்கத் தான் செய்வான். ஒரு தடவ டிம் அடிச்சுக் காட்டுங்க, எறக்கலையா விட்டுருங்க. பதிலுக்கு நீங்களும் ஹைபீம் போட்டா ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாம ஒருத்தர ஒருத்தர் தாண்டுறோம், இதுல யாருக்கு என்ன லாபம்? லைட்டப் பாக்காதீங்க, எடது ஓரத்து வெள்ளக்கோட்டப் பாத்து போங்க, கோடு இல்லாத ரோடுன்னா தார் முடிஞ்சு மண்ணு தொடங்குற எடத்தப் பாருங்க. வேகத்த அவன் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கொறைக்கணும், ஏன்னா அவன் தாண்டிப் போன பொறவு தான் ஆபத்து, கண்ணு திரும்ப இருட்டுக்குப் பழகுறதுக்கு சில செகண்டு எடுக்கும், அந்த நேரத்துல தான் அவன் வண்டிக்குப் பின்னாடி சைக்கிள் தள்ளிக்கிட்டு வந்தவரு நம்ம முன்னாடி வர்றாரு.

லைட்டு எரியுது, ஆனா ரோட்டுல வெளிச்சமே இல்ல

நம்ம பக்கம் ராத்திரி சவாரி போறவங்களுக்கு ஒரு ஓசி டெஸ்ட் இருக்கு, ரயில்வே கேட். நீடாமங்கலத்துல கேட் போட்டு நிக்கிறப்ப முன்னாடி லாரி நின்னா அதோட பின்பலகைய பாருங்க, உங்க ரெண்டு லைட்டும் ரெண்டு வட்டமா விழுந்துருக்கும். ரெண்டும் ஒரே உயரமா, ஒரே வெள்ளையா, ஒண்ணு மஞ்சளடிச்சுப் போயிருக்கா, ஒண்ணு லாரி டிரைவர் கண்ணாடி வரைக்கும் ஏறி நிக்கிதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும். பாத்துட்டு லைட்ட அணைச்சுருங்க, பார்க்கிங் லைட்டு மட்டும் போதும், முன்னாடி இருக்கவரு புண்ணியம் கெடைக்கும்.

ரெண்டுமே மங்கலா இருந்தா மொதல்ல லைட்டு கண்ணாடி. ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டுல வச்ச சந்தனப் பொட்டு கார்த்திகை வரைக்கும் இருக்குற வண்டி எத்தனையோ பாத்துருக்கேன். பொட்ட வைங்க, சாயங்காலம் தொடைச்சுருங்க. இப்ப வர்ற வண்டில லைட்டு மூடி கண்ணாடி கெடையாது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி பாலு ஊத்துன மாதிரி ஆயிரும். பேஸ்ட்டு போட்டுத் தேச்சா பளபளக்கும், உண்மை தான், ஆனா கொஞ்ச நாள்ல திரும்ப மங்கிரும். தண்ணி ஊத்தி உப்புத்தாள்ல, 1000, 2000 நம்பர் வரிசையா தேச்சு பாலிஷ் போட்டு மேல யூவி கோட்டிங் அடிக்கணும், அடிக்காம விட்டா முன்னாடிய விட சீக்கிரம் மஞ்சளாயிரும்.

மூடி சுத்தம், பல்பும் புதுசு, இன்னமும் மங்கல்னா கரண்டு ஒழுங்கா போய்ச் சேரல. இது தான் பல பேரு கோட்டை விடுற எடம். சாதாரண ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறையும். இஞ்சின் ஓடுறப்ப பேட்டரில 13.8லேர்ந்து 14.5 வோல்ட் வரைக்கும் இருக்கணும், லைட்டப் போட்டுட்டு பல்பு ஹோல்டர்ல மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பேட்டரிக்கும் ஹோல்டருக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா நடுவுல எங்கயோ தின்னுது, எர்த் ஒயரு துருப்பிடிச்சிருக்கும், இல்ல ஹோல்டர் கருகியிருக்கும். நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கத்து வண்டிங்களுக்கு உப்புக்காத்துல எர்த் தான் மொத சந்தேகம். பல்பு மாத்துறதுக்கு முன்னாடி எர்த்த கழட்டி உப்புத்தாள்ல தேச்சு முடுக்கிப் பாருங்க, செலவு ஒரு டீ காசு.

இதுக்குப் பதிலா என்ன பண்றோம், 60/55 வாட் இருக்குற எடத்துல 100/90 பல்ப வாங்கி மாட்டுறோம். ரிலே, அதாவது அவ்வளவு கரண்டையும் சுவிட்சு வழியா விடாம பேட்டரிலேர்ந்து நேரா பல்புக்கு விடுற சின்ன பெட்டி, அது போடாம மாட்டுனா சுவிட்சும் ஹோல்டரும் உருகும், எங்க ஸ்டாண்டுல ஒரு வண்டில பொக வந்தே பாத்துருக்கேன். இன்னொண்ணு, ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச லைட்டுக்குள்ள எல்இடி பல்ப வாங்கி சொருகுறது. வெள்ளையா இருக்கும், நல்லா இருக்குற மாதிரி தோணும், ஆனா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் மூஞ்சில போவுது, மழை பெஞ்ச கருப்பு ரோட்டுல பாத்தா நமக்கும் ஒண்ணும் தெரியாது. நம்ம திட்டுற ஹைபீம்காரன் பல பேரு உண்மையில டிம்ல தான் வர்றான், பல்பு தான் அப்படி.

வெளிச்சம் இருக்கு ஆனா மரத்து மேல அடிக்குது, இல்ல பானெட்டுக்கு அடுத்தாப்ல விழுதுன்னா ஏத்த எறக்கம் சரியில்ல. சமமான தரையில செவுத்துலேர்ந்து 25 அடி தள்ளி வண்டிய நிறுத்தி டிம் போடுங்க, வெளிச்சத்தோட மேல்விளிம்பு லைட்டு உயரத்த விட ரெண்டு இஞ்சு கீழ விழணும். அதுக்குன்னு ஸ்குரூ இருக்கு. ஆனா ஸ்குரூவத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கான்னு பாருங்க. பின்சீட்டுல மூணு பேரும் டிக்கில சீர்வரிசை பாத்திரமும் ஏறுனா வண்டி மூக்கத் தூக்கும், லைட்டு வானத்துக்குப் போகும், அப்ப அந்தத் திருக 2க்கோ 3க்கோ வச்சா லைட்டு கீழ எறங்கும். தனியா ஓட்டுறப்ப 0. நம்பரு ஏறுனா வெளிச்சம் ஏறும்னு நெனச்சு எப்பவும் 3லயே வச்சுக்கிட்டு வெளிச்சம் பத்தலன்னு பொலம்புனவரு ஒருத்தரு இருக்காரு, பேரு சொல்ல மாட்டேன், பக்கத்து வீடு.

நிக்கிறப்ப மங்குது, ஆக்சிலேட்டர் குடுத்தா பிரகாசமாவுது

கார்ல இது டைனமோ இல்ல பெல்ட்டு. பேட்டரி லைட்டு மீட்டர்ல லேசா மினுக்குனாலும் தள்ளிப் போடாதீங்க, கும்பகோணம் போயி பாத்துக்கலாம்னு போனா பாபநாசத்துல இருட்டுல நிப்பீங்க. ஏசி, பாட்டு, போன் சார்ஜரு எல்லாத்தையும் அணைச்சுட்டு லைட்டுக்கு மட்டும் கரண்ட விட்டு பக்கத்துல வெளிச்சமான எடத்துக்குப் போயிருங்க, நடுவுல இஞ்சின அணைக்காதீங்க, திரும்ப செல்ஃப் அடிக்காது. பழைய பைக்குல கொஞ்சம் மங்கி ஏறுறது சகஜம் தான்.

ஒரு லைட்டு போயிருச்சு

பல்பு தான், இல்லன்னா ஃபியூஸ். ஜோடியா மாத்துங்க, ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் அதே வயசு. பல்போட கண்ணாடிய வெறுங்கையால தொடாதீங்க, கை எண்ணெ பட்ட எடம் சூடாகி சீக்கிரம் வெடிக்கும். நடுவழில போச்சுன்னா மிச்சம் எரியுறது வலது பக்கத்து லைட்டான்னு பாருங்க, எடது மட்டும் எரிஞ்சா எதிர்ல வர்றவனுக்கு நீங்க ஓரமாப் போற பைக்கு, நடுவுல தாராளமா எடம் இருக்குன்னு நெனச்சு வருவான். அவசரத்துக்கு எரியுற பல்பக் கழட்டி வலது பக்கம் மாட்டிக்கலாம். இதையே திருப்பிப் போட்டும் யோசிங்க, எதிர்ல ஒத்தக்கண்ணு வந்தா அது பைக்குன்னு எடுத்துக்காதீங்க, வைக்கோல் டிராக்டரா இருந்தாலும் இருக்கும்.

திடீர்னு முன் கண்ணாடி பூரா பச்சப்பூச்சி

ஐப்பசி கார்த்திகையில சம்பா வளந்து நிக்கிறப்ப வயலோர ரோட்டுல ஓட்டுனவங்களுக்குத் தெரியும். பச்சைத் தத்துப்பூச்சி, நெல்லுப் பயிருல இருக்குறது, வெளிச்சத்தக் கண்டா கூட்டமா வரும். விவசாயிங்க வயல்ல விளக்குப்பொறி வச்சு இந்தப் பூச்சிய இழுத்துப் பிடிப்பாங்க, நம்ம ஓடுற விளக்குப்பொறி, அவ்வளவு தான் வித்தியாசம். காரியத்த கெடுக்குறது என்னன்னா பூச்சி அடிச்சதும் கை தானா வைப்பரப் போட்டுரும், காஞ்ச கண்ணாடில வைப்பரு போனா அந்தக் கொழுப்பு பூரா ஒரே இழுப்புல பூசி விட்ட மாதிரி ஆயிரும், எதிர்ல ஒரு லைட்டு வந்தா போதும் மொத்தக் கண்ணாடியும் வெள்ளையா நிக்கும். வைப்பரத் தொடாதீங்க. வேகத்தக் கொறைங்க, அடுத்த டீக்கடைல நிறுத்துங்க, ஷாம்புத் தண்ணி ஊத்தி ஊற விட்டு துணியால எடுங்க. அந்த சீசன்ல வண்டில எப்பவும் ஒரு பாட்டில் தண்ணி, ரெண்டு ஒரு ரூவா ஷாம்பு பாக்கெட்டு, ஒரு பழைய வேட்டித் துண்டு கெடக்கும் எனக்கு. ஹெட்லைட்டையும் சேத்துத் தொடைங்க, அங்க தான் பூச்சி ஜாஸ்தி ஒட்டியிருக்கும், யாரும் பாக்குறதில்ல.

பைக்காரங்க வைசர எறக்கி ஓட்டுங்க. கண்ணுல விழுந்தா தேய்க்காதீங்க, ஓரம்கட்டி தண்ணில கழுவுங்க.

கண்ணாடி வெளுத்துப் போச்சு, மார்கழி மாசம்

வெளிய பனியா, உள்ள ஆவியான்னு மொதல்ல பிரிங்க. வைப்பர ஒரு வீச்சு விடுங்க. தெளிஞ்சா வெளிப்பக்கம், ஏசி கண்ணாடிய ரொம்பக் குளுர வச்சிருக்கு, கண்ணாடிக்கு அடிக்கிற காத்த மாத்தி விட்டு ஏசிய கொஞ்சம் கொறைங்க. தெளியலன்னா உள்பக்கம், மழையில நனைஞ்சு ஏறுனவங்க மூச்சும் ஈரக்கொடையும் சேந்து பண்ற வேலை, இதுக்கு ஏசிய போட்டு கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காத்தே சுத்துற பட்டன அணைச்சுருங்க. நெறைய பேரு மழைக்காலத்துல ஏசி எதுக்குன்னு அணைச்சுருவாங்க, ஆனா ஏசி தான் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும். ஏசி இல்லாத வண்டின்னா ரெண்டு பக்கமும் ரெண்டு வெரக்கட கண்ணாடி எறக்கி விடுங்க.

ரோட்டுலயே பனி மூடியிருந்தா ஹைபீம் போடக் கூடாது, வெளிச்சம் பனில பட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பும், டிம்ல மெதுவா. நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, பின்னாடி வர்றவனுக்கு நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னும் தெரியாது, திரும்புனா எந்தப் பக்கம்னும் தெரியாது. ஓடுறப்ப அது வேணாம். ஒண்ணுமே தெரியலன்னா ரோட்டோரம் இல்ல, பெட்ரோல் பங்குக்குள்ள போயி நிறுத்துங்க.

ரோடு காலியா இருந்துச்சு, திடீர்னு முன்னாடி ஏதோ நிக்கிது

இதுக்கு வண்டில கோளாறு இல்ல, கணக்குல கோளாறு. டிம் லைட்டு ஒழுங்கா இருந்தா 50 மீட்டர் வரைக்கும் தெளிவாத் தெரியும்னு வச்சுக்கங்க. 80ல போறப்ப வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணு பாத்து மூள சொல்லி கால் பிரேக்குக்குப் போக ஒண்ணரை செகண்டு, அதுலயே 33 மீட்டர் போச்சு, அப்பறம் காஞ்ச ரோட்டுல நல்ல டயரோட பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 35. மொத்தம் 68. அதாவது உங்க லைட்டு காட்டுற எடத்துக்கு வெளிய தான் உங்களால நிறுத்த முடியும். 60ல அதே கணக்குப் போட்டா 45 மீட்டர். எதிர்ல வண்டி இல்லாதப்ப ஹைபீம்ல போங்க, வந்தா டிம், டிம்முன்னா 60, எனக்கு இது தான் கணக்கு, சவாரிக்காரங்க வேகமாப் போங்கன்னு சொன்னாலும் சரி.

நம்ம ஊருல திடீர்னு நிக்கிறது என்னென்னன்னு மாசத்த வச்சே சொல்லலாம். தை மாசி சம்பா அறுப்புல அறுப்பு மிஷின், செயின் வண்டின்னா லாரி மேல ஏத்திக்கிட்டு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு வரும், டயர் வண்டின்னா தானா ஓடி வரும், முன்னாடி கத்தி ரோட்டுல பாதிய அடைக்கும். நெல்லு ஏத்துன டிராக்டர் டிப்பர் கொள்முதல் நிலையத்துக்குப் போற வழில வரிசையா நிக்கும், பின்லைட்டு பத்துல ஒண்ணுக்கு எரிஞ்சா அதிசயம். வைக்கோல் லாரி ரோடு அகலத்துக்கு வீங்கி வரும், அதோட லைட்டு வைக்கோலுக்குள்ள மூடிக் கெடக்கும். ரோட்டுல காயப்போட்ட நெல்லு ராத்திரி குமிச்சு படுதா போட்டு மூடி, காத்துல பறக்காம சுத்தி கருங்கல்லு வச்சிருப்பாங்க. வடுவூர் தாண்டி ஒரு தடவ நான் நெல்லுக்குப் பயந்து விலகி அந்தக் கல்லுல ஏத்துனேன், ரிம்மு வளைஞ்சு டயரு பக்கவாட்டுல வெடிச்சுது. படுதா கருப்பு, ரோடு கருப்பு, கல்லு கருப்பு. குத்தம் சொல்ல மனசு வரல, களம் இல்லாதவரு எங்க காயப்போடுவாரு?

ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழா, அந்த நாளுல எல்லா ரோட்டுலயும் பாதயாத்திரை ஆளுங்க, வெயிலுக்குப் பயந்து ராத்திரில தான் நடப்பாங்க, கொழந்தைங்களும் இருக்கும். ஒருத்தரப் பாத்தா பின்னாடி அம்பது பேரு இருக்காங்கன்னு எடுத்துக்கிட்டு வேகத்த எறக்குங்க. மாடு படுத்துருக்குறது வருஷம் பூரா. மழை நேரத்துல வயல்ல ஈரம், அதனால சூடான தார் ரோட்டுல வந்து படுக்கும். தூரத்துல தரையோட தரையா ரெண்டு பச்சை புள்ளி மின்னுச்சுன்னா அது கண்ணு தான், கால பிரேக்குக்குக் கொண்டு போங்க.

ரோடு எங்க திரும்புதுன்னு தெரியல

இது ஆத்தங்கரை ரோட்டுல வர்ற தொந்தரவு. ஒரு பக்கம் வெண்ணாறோ குடமுருட்டியோ, இன்னொரு பக்கம் பள்ளமா வயலு, நடுவுல ஒன்றரை வண்டி அகலத்துக்கு தாரு, தடுப்புச்சுவரு கெடையாது. மேப்பு கிட்ட கேட்டா அது தான் குறுக்கு வழின்னு ஆசையா கூட்டிக்கிட்டுப் போகும். ராத்திரில நான் மேப்ப நம்புறதில்ல, பஸ்ஸு போற ரோடான்னு மட்டும் கேப்பேன், பஸ்ஸு போகாத ரோட்டுல தெரியாத ஆளு ராத்திரி போக வேணாம். போயே ஆகணும்னா புளியமரத்துல அடிச்சிருக்குற வெள்ளக் கருப்பு பட்டைய தூரத்துலேர்ந்தே பாத்துக்கிட்டு வாங்க, பட்ட வரிசை வளைஞ்சா ரோடும் வளையுது. எதிர்ல வண்டி வந்தா வயல் பக்கம் இருக்குறவரு எறங்கி நிக்கிறது நல்லது, ஆத்துப் பக்கம் இருக்கவர ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்காதீங்க, கரை மண்ணு மழையில எளகியிருக்கும்.

வழக்கமா மேட்டூர் தெறக்குற ஜூன் 12லேர்ந்து மூடுற ஜனவரி 28 வரைக்கும் இந்த ஆறெல்லாம் வெறும் மணல் இல்ல, ஆள் உயரத்துக்கு தண்ணி. வண்டி தண்ணில எறங்கிருச்சுன்னா கதவத் தெறக்க போராடாதீங்க, வெளிய இருக்குற தண்ணி அழுத்தம் விடாது. பெல்ட்டக் கழட்டு, கண்ணாடிய எறக்கு, கொழந்தைங்கள மொதல்ல வெளிய விடு, நீ வெளிய வா, இந்த வரிசை தான். பவர் விண்டோ தண்ணி பட்டதும் உடனே செத்துராது, கொஞ்ச நேரம் வேலை செய்யும், அந்த கொஞ்ச நேரத்துல போன் எடுத்து யாரையும் கூப்புடாதீங்க. எறங்கலன்னா பக்கவாட்டுக் கண்ணாடியோட மூலையில கூர்மையா இடிக்கணும், முன் கண்ணாடி ரெண்டு அடுக்கு ஒட்டுனது, ஒடையாது. சின்ன சுத்தியல் ஒண்ணு எங்கிட்ட கியருக்குப் பக்கத்துலயே கெடக்கு, டிக்கில வச்சா பிரயோசனம் இல்ல.

கண்ணு தெறந்து தான் இருக்கு, ஆனா கடைசியா எந்த ஊரு வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல

அய்யம்பேட்டை பாத்தேன், இப்ப சுந்தரபெருமாள்கோவில் போர்டு வருது, நடுவுல பாபநாசம் எங்க போச்சு? இந்தக் கேள்வி வந்துச்சுன்னா நீங்க தூங்கிட்டீங்க, கண்ணத் தெறந்துக்கிட்டே. கொட்டாவி வர்றது மொத மணி, சக்கரம் ஓரத்து மண்ணத் தொட்டு வர்றது ரெண்டாவது மணி, இது மூணாவது. 80ல நாலு செகண்டு கண்ணசந்தா 90 மீட்டர் கிட்ட யாரும் ஓட்டாம வண்டி ஓடியிருக்கு.

கண்ணாடிய எறக்குறது, பாட்ட சத்தமா வைக்கிறது, வெத்தல போடுறது, மூஞ்சில தண்ணி அடிக்கிறது, எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், செத்த நேரம் தாங்கும், திரும்ப வந்துரும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் தான். டீயோ காப்பியோ குடிச்ச உடனே வேலை செய்யாது, அரை மணி நேரம் கிட்ட ஆகும், அதனால நான் என்ன பண்ணுவேன்னா வெளிச்சமான பங்குல நிறுத்தி காப்பியக் குடிச்சுட்டு உடனே சீட்ட சாய்ச்சு 20 நிமிஷம் அலாரம் வச்சுத் தூங்குவேன், எந்திரிக்கிறப்ப காப்பியும் வேலையத் தொடங்கியிருக்கும். அரை மணிக்கு மேல தூங்காதீங்க, எந்திரிச்சா மந்தமா இருக்கும்.

ராத்திரி ரெண்டுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் தான் ஒடம்பு ரொம்ப அமுக்கும். பொங்கலுக்கு சென்னைலேர்ந்து வர்ற பசங்க ஆபீஸ் முடிச்சு ஒன்பது மணிக்கு கெளம்பி, விக்கிரவாண்டில சாப்புட்டு, நம்ம பக்கம் வர்றப்ப சரியா அந்த நேரம், பகல் பூரா வேலை பாத்த ஒடம்பு. ஒண்ணு ரெண்டு பேரு மாத்தி ஓட்டுங்க, இல்ல தூங்கிட்டு வெள்ளன நாலரை அஞ்சுக்கு கெளம்புங்க. சளிக்கு மாத்திரை போட்டுருந்தா மருந்துக்கடைல கேட்டுக்கங்க தூக்கம் வருமான்னு, பல சளி மாத்திரை அரை நாளைக்கு அமுக்கும். தண்ணி போட்டவன் ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்லி தான் தெரியணுமா, கல்யாண வீட்டு மாப்புள தோழனுங்க மட்டும் இத ரெண்டு தடவ படிங்க.

நடு ரோட்டுல வண்டி நின்னு போச்சு

நாலு இண்டிகேட்டரையும் இப்ப போடுங்க, இதுக்கு தான் அது. எடது ஓரம் ரோட்ட விட்டு எறக்குங்க, முக்கோண போர்ட 50 மீட்டர் பின்னாடி கொண்டு போயி வைங்க, வளைவுன்னா வளைவுக்கு முன்னாடி. ஆளுங்கள எறக்கி ரோட்ட விட்டுத் தள்ளி நிக்க வைங்க, வண்டிக்குப் பின்னாடி நின்னு பேசிக்கிட்டு இருக்காதீங்க, டார்ச் அடிச்சு கால் வைங்க, வரப்போரம் பாம்பு இருக்கும். வலது பக்கத்து டயரு பஞ்சரா, ரோட்டுப் பக்கம் குத்துக்கால் போட்டு ஒக்காந்து மாத்துறது இருட்டுல வேணாம், நாலு இண்டிகேட்டரோட உருட்டிக்கிட்டே வெளிச்சமான எடத்துக்குப் போங்க, டயரு போனா போகுது. போர்டு இல்லன்னு தழையும் கல்லும் வைக்கிறது நம்ம ஊரு வழக்கம், வைங்க தப்பில்ல, கெளம்புறப்ப அந்தக் கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டு கெளம்புங்க, உங்களுக்குப் பின்னாடி வர்றவருக்கு அது தான் அடுத்த கண்டம். தேசிய நெடுஞ்சாலைன்னா 1033, அடிபட்டா 108, போலீசு எல்லாத்துக்கும் 112. அடிபட்டவர ஆஸ்பத்திரில சேத்தவங்கள போலீசு இழுத்தடிக்கக் கூடாதுன்னு 2019ல சட்டத்துலயே சேத்துட்டாங்க, தமிழ்நாட்டுல மொத 48 மணி நேரத்துக்கு விபத்து சிகிச்சை இலவசமா குடுக்குற திட்டமும் 2021லேர்ந்து இருக்கு, அதனால கேஸு வரும்னு பயந்து தாண்டிப் போயிராதீங்க.

வீட்டுலேர்ந்து போன் வந்துக்கிட்டே இருக்கு

கவலைல தான் கூப்புடுறாங்க, ஆனா அந்த மணி அடிக்கிறப்ப நம்ம கண்ணு ரோட்ட விட்டு எறங்குது. பக்கத்து சீட்டுல ஆளு இருந்தா போன அவருகிட்ட குடுத்துருங்க. தனியான்னா கெளம்புறப்பவே எங்கெங்க நிப்பேன்னு சொல்லிட்டு கெளம்புங்க, அங்க நின்னு நீங்களே கூப்புடுங்க. நீடாமங்கலம் கேட்டுல நின்னா தான் நான் போன் எடுப்பேன்னு எங்க வீட்டுல தெரியும், அதனால கேட் போடாத அன்னைக்கு தான் அவங்களுக்குத் தூக்கம் வராது.